பழைய ஸ்டேஷனுக்குப் புதிய வாசல்

எங்கள் அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. காசிக்கும் ராமேசுவரத்துக்கும் துணையின்றிப் போய் வந்த தைரியசாலி. அப்பேர்ப்பட்டவர், தென் ஜில்லாவிலுள்ள பழைய ஜங்ஷன் ஒன்றில், ஒரு மதிற்சுவரிடம் தோற்றுப் போனார்.

நாங்கள் தங்கியிருந்த உறவினர் வீடு அந்த ஸ்டேஷனுக்குப் பின்புறத் தெருவில் இருந்தது. மொட்டை மாடியில் நின்றால் பிளாட்பாரமும், அங்கே நிற்கும் வண்டியும், வண்டியில் ஏறுகிறவர்களின் தலைப்பாகையும் கூடத் தெரியும். கூப்பிடு தூரம். ஆனால் ஸ்டேஷனுக்கு வாசல் ஒன்றே ஒன்று. அது மறுபுறத்தில் இருந்தது. ஆட்டோவில் ஏறி, மூடியிருந்த ரயில்வே கேட்டில் கால் மணி காத்து, கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலை அடைந்தோம். அடைந்தபின் தெரிந்தது, எங்கள் வண்டி நிற்பது நாங்கள் புறப்பட்ட பக்கத்துப் பிளாட்பாரத்தில்தான் என்று! நடைப்பாலத்தின் படிகளில் அத்தை பாதி ஏறுவதற்குள் வண்டி ஊதிவிட்டது. அவர் படியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“ஏண்டாப்பா, இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டினவன், கொல்லைப்புறத்திலே ஒரு கதவு வைக்க மறந்துட்டானா?”

அந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். நம் தேசத்தில் அப்படிப்பட்ட ஊர் ஒன்றா, இரண்டா? ஆனால் அத்தையின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. பழைய ஸ்டேஷன்களுக்குப் புதிய வாசல் அமைக்கும் காரியம் இப்போது நாடெங்கும் நடந்து வருகிறது. அந்த வாசல் எப்படி இருக்கவேண்டும், யாருக்காக இருக்கவேண்டும் என்று யோசிப்பது, அதில் நுழையப்போகும் நமக்கெல்லாம் உரிய விஷயம் அல்லவா?

ஒரு முகம் படைத்த கட்டடம்

சென்ற நூற்றாண்டிலும் அதற்கு முந்திய நூற்றாண்டிலும் ஸ்டேஷன் கட்டியவர்கள் கதவை மறந்துவிட்டார்கள் என்று சொல்வது நியாயமாகாது. ரயில் வந்தபோது நகரங்கள் சிறியவை. நெருக்கமான தெருக்களுக்கு நடுவே இருப்புப்பாதை போட இடமில்லை. போட்டால் நிலத்தின் விலை கட்டுபடியாகாது. ஆகவே, பாதை பெரும்பாலும் ஊரின் ஓரத்தில் வந்தது. ஓரத்தில் நிற்கும் கட்டடம் ஊரை நோக்கித் திரும்பி நிற்பதுதானே இயல்பு? முன்புறம் ஊர், பின்புறம் வயல், தோப்பு, குளம், வண்டிகளை நிறுத்தும் பணிமனை. வயலைப் பார்த்து வாசல் வைப்பார் உண்டோ?

பிறகு ஊர் வளர்ந்தது. வளர்ந்த ஊர் இருப்புப்பாதையைத் தாண்டிச் சென்று குடியேறியது. பின்புறத்து வயலெல்லாம் வீடாயிற்று; தோப்பெல்லாம் தெருவாயிற்று. ஆனால் ஸ்டேஷன் மட்டும் தன் முகத்தைத் திருப்பவில்லை. ஒரு காலத்தில் ஊருக்குக் கோபுரவாசல் போல் இருந்த கட்டடம், இப்போது ஊரை இரண்டாகப் பிரிக்கும் சுவராக மாறிவிட்டது. புதிய வாசலுக்கு அவசியம் இங்கேதான் பிறக்கிறது.

எழும்பூரின் பெருமை

நம் ராஜதானி நகரத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. தென்னாட்டுக் குடும்பங்களில் எழும்பூர் ஸ்டேஷனை அறியாத குடும்பம் அரிது. கல்யாணத்துக்குப் போனவர்கள், காலேஜுக்கு வந்தவர்கள், உத்தியோகம் தேடி ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கியவர்கள், எல்லோரும் அந்தச் செங்கல் சிவப்புக் கட்டடத்தின் வளைவுகளுக்குக் கீழேதான் சென்னையை முதன்முதலாகக் கண்டார்கள்.

அந்தக் கட்டடம் 1908ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்குத் திட்டம் வரைந்தவர் ஹென்றி இர்வின். சென்னை ஹைகோர்ட்டு, கன்னிமரா நூல்நிலையம், சிம்லாவில் வைசிராய் மாளிகை, மைசூர் அரண்மனை ஆகியவையெல்லாம் அவருடைய கைவண்ணம் கண்டவை. ஸ்டேஷனுக்கு முன்னே ஓடும் காந்தி இர்வின் சாலையின் பெயரைப் பார்த்து, இவர்தான் அந்த இர்வின் என்று பலர் நினைப்பதுண்டு. அந்த இர்வின் வேறு. அவர் 1931ஆம் ஆண்டு மகாத்மாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட வைசிராய்.

வரைந்தவர் அந்நியராயினும், அதைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் டி. சாமிநாத பிள்ளை. செங்கல் அடுக்கியதும் சுண்ணாம்பு அரைத்ததும் நம்மவர் கைகள். ஆகவே, இது அந்நியர் விட்டுச் சென்ற கட்டடம், போனால் போகட்டும் என்று அலட்சியமாகச் சொல்லுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம்முடைய வரிப்பணமும் உழைப்பும் கைத்திறனும் அந்தச் சுவரில் கலந்திருக்கின்றன. 1947ஆம் ஆண்டு கொடி மாறியபோது கட்டடமும் நம்முடையதாயிற்று. நம்முடைய வீட்டை நாம் காப்பாற்றாவிட்டால் வேறு யார் காப்பாற்றுவார்கள்?

தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் பாதை வண்டிகளுக்கெல்லாம் எழும்பூரே தலைவாசலாக விளங்கியது. திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று தெற்கே போகிற வண்டிகள் இங்கிருந்து புறப்பட்டன. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், இங்கே வண்டி ஏறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னார் வழியாக இலங்கை சேரலாம் என்ற நிலை வந்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோகும் வரையில் அந்த வழி நிலைத்தது. 1931ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் பாதையெல்லாம் பிற்காலத்தில் அகலப் பாதையாயிற்று. 2018ஆம் ஆண்டில் எழும்பூரில் பூமிக்கடியிலும் ஒரு மெட்ரோ ரயில் ஸ்டேஷன் வந்துவிட்டது. இத்தனை மாறுதலும், ஒரே வீட்டில் நாலு தலைமுறை குடியிருப்பதைப் போல, அந்த ஒரே முகப்பைச் சுற்றியே நடந்தன.

வாசல் யாருக்காக?

ஆனால் பழம்பெருமை பேசுகையில் ஓர் உண்மையை மறைக்கலாகாது. அந்நாளைய ஸ்டேஷன்கள் எல்லோரையும் ஒன்றாக வரவேற்றவை அல்ல. முதல் வகுப்புக்காரருக்கு ஓர் அறை. இரண்டாம் வகுப்புக்காரருக்கு ஓர் அறை. மூன்றாம் வகுப்புக்காரருக்கோ தரையும் தூணும்தான். தண்ணீர்ப் பானையில் கூட ஹிந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று பிரிவினை இருந்தது. தென்னாட்டு ஸ்டேஷன்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர், மற்றவர் என்று வேறுபடுத்தி எழுதியிருந்த பலகைகள், கடுங் கிளர்ச்சிக்குப் பிறகு 1940களின் தொடக்கத்தில்தான் அகற்றப்பட்டன.

காந்தியடிகள் 1917ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்தார். இருபத்திரண்டு பேருக்கு என்று எழுதியிருந்த அந்த வண்டியில், பெரும்பாலான நேரம் முப்பத்தைந்து பேருக்குக் குறையாமல் அடைந்து கிடந்தார்கள். அந்த அனுபவத்தை அவர் பத்திரிகைகளுக்கு எழுதினார். அது சிறு பிரசுரமாகவும் வந்தது. ரயில்வேக்கு வருமானத்தைக் கொடுக்கும் ஏழைப் பிரயாணிக்கு அந்த ரயில்வே என்ன செய்கிறது என்பதே அவர் கேட்ட கேள்வியின் சாரம்.

மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974ஆம் ஆண்டோடு ஒழிந்தது. ஆனால் பெயர் போனால் போதுமா? இன்று ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்பு என்பது டிக்கெட்டில் இல்லை, படிக்கட்டில் இருக்கிறது. முழங்கால் வலிக்காரர், கர்ப்பிணி, கண் தெரியாதவர், சக்கர நாற்காலியில் வருகிறவர், இடுப்பில் குழந்தையும் கையில் மூட்டையுமாக வரும் தாய், இவர்களெல்லாம் எவ்வளவு உயர்ந்த டிக்கெட் வாங்கினாலும் நடைப்பாலத்தின் அடியில் வந்து நிற்கும்போது மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளே.

இது வெறும் சௌகரியப் பேச்சு அன்று, உயிர்ப் பேச்சு. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி காலையில், மும்பையில் எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனின் குறுகிய நடைப்பாலத்தில், மழைக்கு ஒதுங்கி நின்ற ஜனக்கூட்டம் நெருக்குண்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பல்லாயிரம் பேர் வருகிற இடத்தில் வழி குறுகலாக இருந்தால், அது வழியன்று, யமனுடைய வாயில்.

மூன்று விதமான பிழைகள்

சரி, புதிய வாசல் வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறோம். அதை எப்படி அமைப்பது? உலகத்தில் இந்தக் காரியத்தில் மூன்று விதமான பிழைகள் நேர்ந்து வந்திருக்கின்றன.

முதலாவது, பழையதை இடித்துத் தள்ளுவது. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் பென்ஸில்வேனியா ஸ்டேஷன் 1910ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மகத்தான கட்டடம். 1963ஆம் ஆண்டில் அதை இடிக்கத் தொடங்கினார்கள். ரயில்கள் பூமிக்கடியில் வழக்கம்போல் ஓடின. மேலே இருந்த பெருங்கூடம் மட்டும் மறைந்தது. பிரயாணிகள் தாழ்ந்த கூரையின் கீழ்ச் சுரங்கத்து எலிகளைப் போல் நடந்தார்கள். அந்த வருத்தத்தில்தான் 1965ஆம் ஆண்டில் அந்நகரத்தார் பழைய கட்டடங்களைக் காக்கச் சட்டம் செய்தார்கள். கடைசியில், தெருவுக்கு எதிரே இருந்த பழைய தபாலாபீஸ் மாளிகைக்குள்ளே புதிய கூடமும் வாசலும் அமைத்து 2021ஆம் ஆண்டு ஜனவரியில் திறந்தார்கள். இடிப்பதற்குச் சில ஆண்டு. இழந்ததில் ஒரு பங்கை மீட்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல்!

இரண்டாவது, பழைய முகத்தின்மேல் புதியதை ஒட்டவைப்பது. டிக்கெட் கொடுக்க இடம் போதவில்லையா? முகப்புக்கு முன்னால் ஒரு கொட்டகை. மழை அடிக்கிறதா? வளைவுக்குக் குறுக்கே ஒரு தகரம். விளம்பரம் வந்ததா? கோபுரத்தின் கழுத்தில் ஒரு பலகை. ஒவ்வொன்றும் தற்காலிகம் என்றுதான் வரும், வந்தது போகாது.

மூன்றாவது, பழையதைப் போலவே போலியாகச் செய்வது. இந்தப் பக்கம் செங்கல் குவிமாடம் இருக்கிறதே என்று, அந்தப் பக்கம் சிமெண்டில் ஒரு குவிமாடம் வைத்துச் சிவப்பு வர்ணம் பூசுவது. தாத்தாவின் பொய்ப்பல்லைப் பேரன் கட்டிக்கொண்டால் அழகாகுமா? புதியது புதியதாகவே, பணிவோடு நிற்கவேண்டும்.

லண்டனில் ஒரு பிராயச்சித்தம்

மேலே சொன்ன இரண்டாவது பிழையைச் செய்துவிட்டு, பிறகு அதைத் திருத்திக்கொண்ட ஊர் ஒன்று உண்டு. நம்மை ஆண்டவர்களின் தலைநகரமாயிற்றே என்று நாம் பார்க்கவேண்டியதில்லை; நல்ல பாடம் எங்கிருந்தாலும் கற்றுக்கொள்ளலாம்.

லண்டனில் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன் 1852ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதை அமைத்த லூயிஸ் கியூபிட் ஆடம்பரத்தை விரும்பாதவர். உள்ளே இரண்டு நீண்ட வளைந்த கூரைகள். வெளியே முகப்பில் அதே அளவுக்கு இரண்டு பெரிய வளைவுகள். நடுவில் ஒரு மணிக்கூண்டு. அவ்வளவுதான். உள்ளே இருப்பதை ஒளிக்காமல் வெளியே சொல்லும் யோக்கியமான கட்டடம்.

ஜனக்கூட்டம் பெருகியபோது, 1970களின் தொடக்கத்தில், அந்த முகப்புக்கு முன்னால் தாழ்ந்த தட்டையான கூடம் ஒன்றைக் கட்டி ஒட்டினார்கள். தற்காலிக ஏற்பாடு என்று பெயர். அந்தத் தற்காலிகம் நாற்பது ஆண்டு நீடித்தது! கியூபிட்டின் வளைவுகள் பாதி மறைந்து, உச்சி மட்டும் எட்டிப் பார்த்தன. நடுவில் 1987ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் தேதி, அதே இடத்துப் பாதாள ரயில் ஸ்டேஷனில், மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில் பற்றிய தீ முப்பத்தொரு பேரைப் பலிகொண்டது. பெருங்கூட்டம் நடமாடும் வழிகளைப் பழைய நிலையிலேயே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதை அந்த நகரம் அன்று கண்ணீரோடு கற்றுக்கொண்டது.

பிற்பாடு ஸ்டேஷனைப் புதுப்பிக்க முன்வந்தபோது, கட்டடக் கலைஞர் ஜான் மக்காஸ்லன் குழுவினர் ஒரு புத்திசாலித்தனமான முடிவு செய்தார்கள். புதிய கூடத்தை முகப்பில் வைக்காமல் மேற்குப் பக்கத்தில், பழைய டிக்கெட் ஆபீஸ் சுவரை ஒட்டிய வெளியில் வைத்தார்கள். அரைவட்ட வடிவில் விரிந்த அதன் கூரை, மரம் கிளைவிட்டாற்போல் எழும் இரும்புத் தூண்களின் மேல் சுமார் 20 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதிலுள்ள விசேஷம் என்னவென்றால், அந்தக் கூரை தன் பாரத்தைப் பழைய சுவரின்மேல் போடவில்லை. தன் தூண்களிலேயே தாங்கிக்கொள்கிறது. பழைய சுவர் முழுதும், குடைக்கு அடியில் நிற்கும் பெரியவரைப் போல், நனையாமல் நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்திலிருந்த 1854ஆம் ஆண்டு ஹோட்டலின் கீழ்த்தளத்தில் நடைவழி திறந்துவிட்டு, அதையும் ஒரு வாசலாக்கினார்கள்.

அந்தக் கூடம் 2012ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திறக்கப்பட்டது. அதன்பின் முகப்பில் ஒட்டியிருந்த கொட்டகையை அகற்றினார்கள். 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்டேஷனுக்கு முன்னே ஒரு திறந்த சதுக்கம் உருவாயிற்று; ஜனங்கள் கியூபிட்டின் இரண்டு வளைவுகளையும் மறுபடி முழுமையாகக் கண்டார்கள். புதிய வாசல் வந்ததால் பழைய முகம் மீண்டது! நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய பாடம் அதுவே.

நமக்கு இது புதிதா?

ஆழ்ந்து பார்த்தால், பழைய கட்டடத்துக்குப் புதிய வாசல் சேர்க்கும் வித்தையில் நம் முன்னோர் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். நம் பெருங்கோவில்களைப் பாருங்கள். கருவறை சிறியதாக, பழையபடி நடுவே இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அதை இடித்துப் பெரிதாக்கவில்லை. ஊர் பெருகப் பெருக, வெளியே ஒரு பிராகாரமும் ஒரு கோபுரவாசலும் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஸ்ரீரங்கத்தில் விஜயநகர அரசர் காலத்தில் தொடங்கி அரைகுறையாக நின்றுபோன தெற்கு ராஜகோபுரம், 236 அடி உயரத்துக்கு எழும்பிக் கும்பாபிஷேகம் கண்டது 1987ஆம் ஆண்டில்தான். அதில் சிமெண்டு சேர்ந்தது. இக்காலத்துப் பொறியியல் சேர்ந்தது. உள்ளே அரங்கன் இருந்த இடம் அப்படியே இருந்தது. உள்ளிருப்பதை அசைக்காமல் வெளியே வழியை அகலமாக்குவது நம் மரபு. ஸ்டேஷனிலும் அந்த மரபைக் கடைப்பிடித்தால் என்ன?

மறுபடியும் எழும்பூர்

2022ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் தேதி, சென்னையில் நடந்த விழாவில், எழும்பூர், மதுரை, ராமேசுவரம், காட்பாடி, கன்னியாகுமரி ஆகிய ஐந்து ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். எழும்பூருக்கு மட்டும் மதிப்பிட்ட தொகை சுமார் 735 கோடி ரூபாய். காந்தி இர்வின் சாலைப் பக்கம் ஒரு புதிய கட்டடம். பின்னால் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு புதிய கட்டடம். இரண்டையும் இணைக்க, இருப்புப்பாதைகளுக்கு மேலே காத்திருக்கும் கூடம். மோட்டார்களை நிறுத்த அடுக்கு மாடங்கள். பழைய கட்டடத்தை அப்படியே காப்பாற்றுவது திட்டத்தில் சேர்ந்தது.

திட்டத்தின் அடிப்படை நல்லதே. பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கத்தில் முன்பே ஒரு வாசல் இருந்தாலும், அது கொல்லைக் கதவாகவே மதிக்கப்பட்டு வந்தது. வேப்பேரியிலும் புரசைவாக்கத்திலும் குடியிருக்கிறவர்களும் இந்த நகரத்தின் பிரஜைகளே. அவர்களுக்கும் முகம் காட்டி வரவேற்கும் வாசல் கிடைப்பது நியாயம்.

ஆயினும், நல்ல திட்டம் காகிதத்திலிருந்து கல்லுக்கு வரும்போதுதான் சோதனை வருகிறது. எழும்பூரிலாகட்டும், மற்ற ஊர்களிலாகட்டும், புதிய வாசலின் முன்னே போய் நின்று, ஒவ்வொரு குடும்பத்தாரும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: தெருவிலே நின்று பார்த்தால் பழைய முகப்பு முழுதும் தெரிகிறதா? புதிய கட்டடம் தோளோடு தோளாக நிற்கலாம். தலைமேல் ஏறி நிற்கலாகாது.

இரண்டாவது: கால் நடையாக வருகிறவருக்கும் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவருக்கும் வழி நேராக இருக்கிறதா? அல்லது நேர்வழி மோட்டாருக்கும், சுற்றுவழி மனிதருக்கும் என்று வைத்திருக்கிறார்களா?

மூன்றாவது: ஒரு படிகூட ஏறாமல், வாசலிலிருந்து வண்டி வரையில் போக முடிகிறதா? சக்கர நாற்காலிக்குரிய சாய்தளத்தில் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடியாவது நீளம் வேண்டும் என்பது கணக்கு. அதைவிடச் செங்குத்தாக இருப்பது சாய்தளம் அன்று, சறுக்குமரம். லிப்டு இருந்தால் மட்டும் போதாது. அது பழுதானால் வேறு வழி உண்டா என்றும் பார்க்கவேண்டும்.

நான்காவது: வருகிற கூட்டமும் போகிற கூட்டமும் முட்டிக்கொள்ளாமல் பிரிகின்றனவா? கடைகள் நடக்கும் வழியைத் தின்றுவிடாமல் ஒதுங்கி நிற்கின்றனவா? கடை வேண்டும், காப்பியும் வேண்டும். ஆனால் ஸ்டேஷன் என்பது கடைத்தெருவில் ரயில் வந்து நிற்கும் இடம் அன்று.

இந்த நான்கில் மூன்றாவதையே தலைமையானது என்பேன். பொறியியல் நிபுணர்கள் மணிக்கு எத்தனை ஆயிரம் பேர் கடக்கலாம் என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கு அவசியந்தான். ஆனால் அதில், எல்லோரிலும் மெதுவாக நடக்கும் ஒருவர் கணக்கில் சேர்ந்தாரா என்பதைப் பொறுத்தே அந்த வாசலின் தரம் இருக்கிறது. வல்லவன் எந்தச் சுவரையும் சுற்றிக்கொண்டு போய்விடுவான். வாசல் வைப்பது வல்லவனுக்காக அன்று.

நம் வீடுகளில் விடியற்காலையில் முதலில் சுத்தம் செய்யும் இடம் வாசல். தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, வருகிறவர் யாராயினும் வருக என்று சொல்லாமல் சொல்லுகிறோம். சர்க்கார் கட்டும் கட்டடங்களில், ஏழையும் செல்வனும் ஒரே நாளில் ஒரே வாசலில் நுழையும் இடம் ரயில்வே ஸ்டேஷன் போல் வேறொன்று இல்லை. அந்த வாசல் எப்படி இருக்கிறதோ, அப்படியே நாம் ஒருவரையொருவர் மதிக்கிறோம் என்று உலகம் தெரிந்துகொள்ளும்.

அத்தை இன்னொரு முறை அந்த ஊருக்குப் போகவேண்டும் என்கிறார். “கொல்லைக் கதவு வெச்சுட்டாளா என்று முதல்லே விசாரிச்சுச் சொல்லு, அப்புறம் டிக்கெட் வாங்கலாம்” என்று எனக்குக் கட்டளை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.